இத்தனை விண்மீன்கள் இருந்தும் ஒரு குரல்கூடக் கேட்கவில்லையே, ஏன்?

மொட்டைமாடி:
ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் நேற்று சாப்பிடும்போது கேட்டாள்: "அப்பா, வேற்றுக்கிரகவாசி இருக்காங்களா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லு." நான் யோசிக்காமல் "இருக்காங்க" என்றேன். "எப்படித் தெரியும்?" என்றாள். பால்வீதியில் மட்டும் குறைந்தது 10,000 கோடி விண்மீன்கள், அதுபோல் எண்ணி முடியாத பால்வீதிகள், இதில் நாம் மட்டும்தான் என்றால் நம்ப முடியுமா என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "அவ்வளவு பேர் இருந்தா ஒருத்தராவது ஹலோ சொல்லியிருக்க மாட்டாங்களா?" என்று திருப்பிக் கேட்டாள். ரசத்தை ஊற்றிக்கொண்டு பேச்சை மாற்றிவிட்டேன்.

ஆனால் அதற்கப்புறம் எனக்கே சந்தேகம். "இத்தனை விண்மீன் இருக்கிறது, எனவே யாராவது இருந்தே ஆகவேண்டும்" என்பது சரியான வாதமா, இல்லை பிரமிப்பில் நாம் சொல்லிக்கொள்வதா? பாக்டீரியாவைக் கேட்கவில்லை. நம்மைப்போல் யோசிக்கிற, கருவி செய்கிற ஆட்களைக் கேட்கிறேன்.

சுழியம்:
உங்கள் மகள் கேட்டதைத்தான் இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மியும் கேட்டார். 1950, அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகம், அதுவும் மதியச் சாப்பாட்டு நேரம். எட்வர்ட் டெல்லர் உட்பட மூன்று பேர் கூட இருந்தார்கள். பறக்கும் தட்டு பற்றிப் பேசி முடித்து வேறு விஷயத்துக்குப் போய்விட்ட பிறகு, மனுஷன் திடீரென்று "எல்லாரும் எங்கேதான் இருக்கிறார்கள்?" என்கிற மாதிரி கேட்டிருக்கிறார். யாரைப் பற்றிக் கேட்கிறார் என்பது எல்லாருக்கும் உடனே புரிந்து சிரித்துவிட்டார்கள்.

சிரிப்பாக இருந்தாலும் அதன் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. பால்வீதியின் குறுக்களவு சுமார் ஒரு லட்சம் ஒளியாண்டு. ஒளியின் வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு போதும், ஒரு கோடி ஆண்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடலாம். நமக்கு அது பெரிய காலம், பால்வீதிக்கு ஒன்றுமே இல்லை, அதன் வயது 1,300 கோடி ஆண்டுக்குப் பக்கம். அதாவது அதன் ஆயுளில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஊர் சுற்றும் ஆசையுள்ள ஒரே ஒரு கூட்டம் நமக்குச் சில கோடி ஆண்டு முன்னால் கிளம்பியிருந்தால் இந்நேரம் எல்லாத் தெருவிலும் அவர்கள் கோலம் போட்டிருக்க வேண்டும். ஒரு புள்ளிகூட இல்லை. அதனால் நான் "பால்வீதியில் வேறு யாரும் இல்லை" கட்சி.

குறும்பன்:
நம் கேட்டில் யாரோ "நாய்கள் ஜாக்கிரதை" போர்டு மாட்டியிருக்கலாம்.

மொட்டைமாடி:
சுழியம், நூற்றில் ஒரு பங்கு வேகம் என்று எழுதுவது சுலபம். 1977-இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் நொடிக்கு 17 கிலோமீட்டர் போகிறது. அந்த வேகத்தில் 4.24 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும், சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா செண்டாரியின் தொலைவைக் கடக்கவே சுமார் 75,000 ஆண்டு. இவ்வளவு செலவு பண்ணி யாராவது வருவார்களா? வராததாலேயே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்கே நான் போவதில்லை.

ஆன்டெனா:
வரவில்லை என்பதை விடுங்கள். "கேட்கவில்லை" என்கிறீர்களே, நாம் எங்கே கேட்டோம்? நான் 20 வருடமாக ஹாம் ரேடியோ வைத்திருப்பவன். காலியான அலைவரிசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு "உலகத்தில் யாருமே இல்லை" என்று முடிவு கட்டுகிறவனை எங்கள் கிளப்பில் சேர்க்க மாட்டோம்.

முதல் முயற்சி 1960 ஏப்ரலில், மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்கில் நடந்தது. வானியலாளர் ஃபிராங்க் டிரேக்குக்கு அப்போது 29 வயது. 26 மீட்டர் ரேடியோத் தொலைநோக்கித் தட்டை டாவ் செட்டி, எப்சிலான் எரிடானி என்ற இரண்டு விண்மீன்கள் பக்கம் திருப்பி 1,420 மெகாஹெர்ட்ஸில் கேட்டார். ஹைட்ரஜன் தானாகவே பேசுகிற அலைவரிசை அது, யாராக இருந்தாலும் அதைத் தெரிந்துதானே வைத்திருப்பார்கள் என்பது எண்ணம். எப்சிலான் எரிடானி பக்கம் திருப்பியதுமே பலமான துடிப்பு ஒன்று வந்து எல்லாரும் ஆடிப் போனார்கள். கடைசியில் அது ஏதோ விமானம் போன்ற பூமிச் சமாச்சாரம். அன்றிலிருந்து இதுவரை நாம் தேடியது எவ்வளவு என்று 2018-இல் வானியலாளர் ஜேசன் ரைட்டும் பென் ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர்களும் கணக்குப் போட்டார்கள். திசை, அலைவரிசை, நேரம், வலிமை எல்லாம் சேர்த்துத் தேட வேண்டிய மொத்தத்தை உலகக் கடல்கள் என்று வைத்தால், நாம் தேடி முடித்தது ஒரு சின்ன நீச்சல் குளம். குளத்துத் தண்ணீரில் மீன் இல்லை, ஆகவே கடலிலும் இல்லை என்கிறார் சுழியம்.

சுழியம்:
என் வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள் சார். நான் சொன்னது மீன் கரைக்கு வந்திருக்க வேண்டும் என்று.

வால்மீன்27:
"வாவ்" சிக்னலை யாருமே சொல்லவில்லையே? 1977-இல் 72 நொடி தொடர்ந்து ஒரு செய்தி வந்து, அதை இன்றுவரை யாராலும் படிக்க முடியவில்லை. அரசாங்கங்கள் மூடி மறைத்துவிட்டன.

ஆன்டெனா:
தம்பி, மூடி மறைத்திருந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்? இதில் மூன்று விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அது செய்தி இல்லை. அதை முதலில் கவனித்த வானியலாளர் ஜெர்ரி எஹ்மன் கணினித் தாளில் வட்டம் போட்டாரே, 6, ஈ, க்யூ, யூ, ஜே, 5 என்று, அது சிக்னலின் வலிமை ஏறி இறங்கியதைக் காட்டும் குறியீடு. ஒன்பதுக்கு மேல் போனால் எழுத்து. யூ என்றால் பின்னணி இரைச்சலைவிட 30 மடங்கு. சங்கேதமும் இல்லை, மொழியும் இல்லை, வெறும் ஒலியளவு.

72 நொடி என்பதும் சிக்னலின் நீளம் இல்லை. ஓஹையோ மாகாணப் பல்கலைக்கழகத்தின் "பெரிய காது" தொலைநோக்கியை வானத்தோடு சேர்த்துத் திருப்ப முடியாது, பூமி சுழலும்போது எது எதிரே வருகிறதோ அதைக் கேட்கும். ஒரு புள்ளி அதன் பார்வையைக் கடக்க 72 நொடி. ரயில் ஜன்னல் வழியாக ஒரு வீட்டில் விளக்கு எரிவதைப் பார்த்த மாதிரி. எவ்வளவு நேரமாக எரிந்தது, எப்போது அணைத்தார்கள் என்று ரயிலில் இருப்பவனுக்குத் தெரியாது. ஆனால் சுவாரசியம் எங்கே என்றால், அதற்கு இரண்டு காது உண்டு, இரண்டும் சில நிமிட இடைவெளியில் அதே இடத்தைக் கேட்கும். ஒன்றில்தான் வந்தது. அப்புறம் எத்தனையோ முறை அதே திசையில் கேட்டும் திரும்ப வரவே இல்லை. திரும்ப வராததை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, அவ்வளவுதான். அந்தத் தொலைநோக்கியையும் 1998-இல் இடித்து கோல்ஃப் மைதானத்தை விரிவாக்கிவிட்டார்கள்.

இதெல்லாம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கிதான் நல்ல உதாரணம். 1998-இலிருந்து அவ்வப்போது ஒரு விசித்திரமான குறுந்துடிப்பு பதிவாகிக்கொண்டே இருந்தது. மின்னலா, வளிமண்டலமா என்று மண்டையை உடைத்து, 2015-இல்தான் கண்டுபிடித்தார்கள்: அங்கே இருந்த மைக்ரோவேவ் அடுப்பு. அது நிற்பதற்கு முன்னாலேயே யாராவது அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் துடிப்பு வரும். அதே பார்க்ஸில் 2019-இல் பிராக்சிமா பக்கமிருந்து 982 மெகாஹெர்ட்ஸில் ஒன்று வந்து எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். 2021-இல் அதுவும் நம்முடைய கருவிகளின் குறுக்கீடுதான் என்று முடிந்தது. எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை, பொய் சொல்வானேன்.

உயிரியல் வாத்தியார்:
எல்லாரும் ரேடியோவிலேயே நிற்கிறீர்கள். மொட்டைமாடி கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. "இத்தனை விண்மீன், எனவே யாராவது" என்பது கணக்கே இல்லை ஐயா. பெருக்கலில் ஒரு எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மற்ற எண் தெரியாதவரை விடை தெரியாது. 10,000 கோடி விண்மீனில் ஒவ்வொன்றிலும் அறிவு தோன்றும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்று என்றால் ஊரே நிறைந்திருக்கும். கோடி கோடியில் ஒன்று என்றால் நாமே அதிசயம். இதில் எது என்று சொல்ல நம் கையில் என்ன இருக்கிறது? ஒரே ஒரு பூமி.

பால்வீதியில் நம்மோடு பேசக்கூடிய கூட்டங்கள் எத்தனை என்று கணக்கிட டிரேக் 1961-இல் எழுதிய சமன்பாட்டில் ஏழு காரணிகள். கோள்கள் பக்கத்துக் காரணிகள் இன்றைக்கு ஓரளவு கைக்கு வந்துவிட்டன. 1995-இல் மேயரும் க்வெலோவும் 51 பெகாசி என்ற விண்மீனைச் சுற்றும் கோளைக் கண்டபோது நான் கல்லூரியில் இருந்தேன், அது பெரிய செய்தி. இன்று, வேறு விண்மீன்களைச் சுற்றுவதாக உறுதி செய்யப்பட்ட வெளிக்கோள்கள் 6,000-ஐத் தாண்டிவிட்டன. உயிர் தோன்றும் வாய்ப்பு, அது அறிவாக மாறும் வாய்ப்பு, அந்த அறிவு எவ்வளவு காலம் நிலைக்கும், இந்த மூன்றும் 1961-இல் எப்படி இருந்தனவோ அப்படியேதான் இருக்கின்றன.

பூமி என்ன சொல்கிறது என்று பாருங்கள். வயது 454 கோடி ஆண்டு. 350 கோடி ஆண்டுக்கு முன்பே நுண்ணுயிர் வந்துவிட்டது. சீக்கிரம் வந்ததால் உயிர் தோன்றுவது சுலபம் என்று வைத்துக்கொள்வோம். அதன் பிறகு? மிக நீண்ட காலம் ஒற்றைச் செல்லாகவே கிடந்தது. எங்கோ ஒரு செல் ஒரு பாக்டீரியாவை உள்ளே வாங்கி, அதைச் செரிக்காமல் குடித்தனம் நடத்தி, அதுவே செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா ஆனது. இன்றைய செடி, காளான், யானை, நீங்கள், நான் எல்லாம் அந்த ஒரு சம்பவத்தின் வாரிசுகள். இரண்டாவது முறை நடந்ததற்குத் தடயம் இல்லை. பறப்பதைப் பூச்சி, டெரோசார், பறவை, வௌவால் என்று நான்கு தனி வழியில் உயிர்கள் கண்டுபிடித்தன. கண்ணைப் பல தடவை. ரேடியோ கட்டுகிற மூளையை? ஒரே தடவை, அதுவும் கடைசி நிமிடத்தில். சூரியன் மெல்ல மெல்லப் பிரகாசமாகிக்கொண்டே வருகிறது, இன்னும் 100 கோடி ஆண்டு வாக்கில் இங்கே கடல் தாங்காது. அதாவது தேர்வு முடிய மணி அடிக்கப் போகிற நேரத்தில் விடைத்தாளைக் கொடுத்திருக்கிறோம். பெரும்பாலான கோள்களில் அதற்குள் மணி அடித்திருக்கும் என்பது என் ஊகம்.

வால்மீன்27:
ஆக்டோபஸ் இருக்கிறதே சார், அதுவும் புத்திசாலிதானே?

உயிரியல் வாத்தியார்:
நல்ல கேள்வி. எங்கள் கடற்கரைப் பக்கம் பேய்க்கணவாய் என்பார்கள். சுமார் 50 கோடி நரம்புச் செல், அதில் பெரும்பகுதி கைகளில். நம் முன்னோரும் அதன் முன்னோரும் பிரிந்து 50 கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது, ஆகவே அது தனியாகவே வளர்ந்த அறிவு. மூடியைத் திறக்கும், தொட்டியிலிருந்து தப்பிக்கும். ஆனால் பெரும்பாலான வகைகளுக்கு ஆயுள் ஒன்றிரண்டு ஆண்டுதான், குஞ்சு பொரிக்கும் சமயத்தில் தாய் செத்துவிடும். கற்றதைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. ஒவ்வொன்றும் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்கிறது. தண்ணீருக்குள் நெருப்பு வேறு இல்லை, நெருப்பில்லாமல் உலோகம் ஏது. எனவே அறிவு பல இடத்தில் இருக்கலாம், நமக்கு ஹலோ சொல்லும் அறிவு வேறு சரக்கு. இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டால் இந்த இழை நூறு பக்கம் போனாலும் முடியாது.

ஆன்டெனா:
வாத்தியாரே, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஒரு இடம் இடிக்கிறது. "ஒரே தடவை நடந்தது, எனவே அரிது" என்பதும் ஒரு பூமியை வைத்துச் சொல்வதுதானே? இரண்டாவதாக ஒரு செல் அப்படி முயன்றிருந்தால், முதலாவது ஏற்கெனவே இடத்தைப் பிடித்துக்கொண்டு அதை வளர விட்டிருக்காது. முதல் கடை பிடித்த முக்கில் இரண்டாவது டீக்கடை எடுபடாத மாதிரி.

உயிரியல் வாத்தியார்:
சரிதான். அதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. லாட்டரி விழுந்தவனிடம் பேட்டி எடுத்து லாட்டரி சுலபமா கஷ்டமா என்று கேட்கிற நிலைமைதான் நமக்கு. 2018-இல் ஆக்ஸ்ஃபோர்டில் சாண்ட்பெர்க், டிரெக்ஸ்லர், ஓர்ட் மூவரும் டிரேக் காரணிகளுக்கு ஒவ்வொரு எண் போடாமல், நமக்குத் தெரியாத அளவை அப்படியே உள்ளே வைத்துக் கணக்கிட்டார்கள். நாம் பால்வீதியில் தனியாக இருக்கும் சாத்தியம் கணிசம் என்று வந்தது. அதைப் படித்த பிறகு இந்த மௌனம் எனக்கு ஆச்சரியமாகவே தெரியவில்லை.

தென்னவன்:
அண்டங்கள் கோடி கோடியாக விரிந்து கிடக்கின்றன என்று நம் பக்திப் பாடல்களிலேயே பாடி வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் இப்போதுதான் கண்டுபிடிக்கிறான்.

உயிரியல் வாத்தியார்:
பாடல் அழகு, எனக்கும் பிடிக்கும். பாடியவர் தொலைநோக்கியை நினைத்துப் பாடவில்லை. அவரை இதற்குச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம்.

பனிப்பாதை:
கனடாவில இருந்து எழுதுகிறேன், இங்கே இப்ப விடிகாலை. எல்லாரும் ஆள் இருக்கா இல்லையா என்றே கதைக்கிறீர்கள். இருந்தாலும் விளங்குமா என்று ஆரும் கேட்கவில்லை.

1974 நவம்பரில் போர்ட்டோ ரிக்கோவின் அரேசிபோ ரேடியோத் தொலைநோக்கியில் இருந்து எம்13 விண்மீன் கொத்துக்கு ஒரு செய்தி அனுப்பினார்கள். 1,679 துணுக்கு (பிட்), மூன்று நிமிசத்துக்கும் குறைவு. அந்த எண்ணை 23, 73 என்ற இரண்டு பகா எண்களாகத்தான் பிரிக்கலாம், அதைப் புரிந்துகொண்டு 23 பத்தி 73 வரியாக அடுக்கினால் படம் தெரியும், அதில் ஒரு மனிசன், டிஎன்ஏ, சூரியக் குடும்பம் எல்லாம் இருக்கு. கெட்டித்தனம்தான். ஆனால் சிந்துவெளி முத்திரைகளை யோசியுங்கோ. எழுதினது எங்களைப் போலவே கை, வாய், வயிறு உள்ள மனிசர். எருதையும் ஆனையையும் பக்கத்திலேயே கீறியும் வைத்திருக்கினம். நூறு வருசமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறம், தமிழ்நாடு அரசு 2025-இல் பத்து லட்சம் டொலர் பரிசும் அறிவிச்சுது, இன்னும் ஒருத்தரும் எல்லாரும் ஒப்புக்கொள்ளுற மாதிரி வாசிக்கவில்லை. நாலாயிரம் வருசத்துக்கு முந்தின எங்கட ஆட்களையே வாசிக்க ஏலாத நாங்கள், கண்ணே இல்லாத ஒன்று எங்கட படத்தைப் பார்த்து விளங்கிக்கொள்ளும் என்று எதிர்பார்க்கிறம். எம்13 வேற 25,000 ஒளியாண்டு தூரம். பதில் வந்தாலும் 50,000 வருசம்.

குறும்பன்:
அதற்குள் அரேசிபோவே 2020 டிசம்பரில் இடிந்து விழுந்துவிட்டது. போன் பண்ணிவிட்டுப் போனை உடைத்த கதை.

வால்மீன்27:
சரி, கே2-18பி? அதில் உயிர் கண்டுபிடித்தாயிற்று என்று 2025-இல் எல்லா சேனலிலும் வந்ததே.

சுழியம்:
சேனலில் வந்தது. கேம்பிரிட்ஜில் நிக்கு மதுசூதன் குழு, 124 ஒளியாண்டு தூரத்தில் உள்ள அந்தக் கோளின் காற்றில் டைமெத்தில் சல்ஃபைடு இருக்கலாம் என்று ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் தரவிலிருந்து சொன்னது. பூமியில் அதைப் பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்கள் வெளிவிடுகின்றன. சான்று எவ்வளவு உறுதி என்று அளக்கும் சிக்மா கணக்கில் அது மூன்றுதான், கண்டுபிடிப்பு என்று அறிவிக்க ஐந்து வேண்டும். அதே தரவை வேறு குழுக்கள் அலசிவிட்டு அப்படி எதுவும் உறுதியாகத் தெரியவில்லை என்றன. போதாக்குறைக்கு உயிரே இல்லாத 67பி வால்மீனிலும் அந்த வாயு இருந்திருக்கிறது. அப்படியே உண்மை என்றாலும் அது பாசி சார், பேச்சுத்துணை இல்லை.

மொட்டைமாடி:
எல்லாருக்கும் நன்றி. எனக்கு இடறுவது இப்போது காலம்தான். நாம் ரேடியோ வைத்திருப்பது ஏறக்குறைய 130 ஆண்டு. பூமியின் ஆயுளை ஒரு நாள் என்று வைத்தால் அது ஒரு நொடியின் நானூறில் ஒரு பங்கு. தீபாவளி இரவில் ஊரின் இரண்டு கோடியில் இரண்டு பேர் ஆளுக்கொரு மத்தாப்பு கொளுத்தி, ஒருவர் வெளிச்சத்தை ஒருவர் பார்க்க வேண்டும் என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் எரிய வேண்டுமே. ஒருவர் போன வருடத் தீபாவளியிலேயே கொளுத்தி முடித்திருக்கலாம். ஆக இருந்தார்களா, இருக்கிறார்களா, இருப்பார்களா என்று மூன்று கேள்வி ஆகிவிடுகிறது. என் மகளிடம் நான் சொன்ன "இருக்காங்க" இவற்றில் எதற்குமே பதில் இல்லை.

சுழியம்:
அதுதான் என் கட்சியின் பலவீனம், ஒப்புக்கொள்கிறேன். ஒரு கோடி ஆண்டு நிலைத்து நிற்கிற கூட்டம் என்று எழுதிவிட்டேன். ஒரு ஆயிரம் ஆண்டு நிலைத்ததற்குக்கூட நாம் இன்னும் சாட்சி இல்லை.

ஆன்டெனா:
மொட்டைமாடி, மகளை மாடிக்குக் கூட்டிப் போங்கள். இப்போது மார்கழி, ராத்திரி ஒன்பது மணிக்கு ஓரையன் விண்மீன் கூட்டம் கிழக்கே நன்றாக ஏறியிருக்கும். அதன் காலடியில் நீல வெள்ளையாக மின்னுவது ரைஜல். அங்கிருந்து மேற்கே, உச்சியைப் பார்த்து, கையை நீட்டி ஒரு சாண் அளந்தால் மங்கலாக ஒன்று இருக்கும், அதுதான் 1960-இல் டிரேக் கேட்ட எப்சிலான் எரிடானி. 10.5 ஒளியாண்டு. இன்னும் ஒரு சாண் மேற்கே, கொஞ்சம் தெற்கே சாய்ந்தால் டாவ் செட்டி. நகர வெளிச்சத்தில் கஷ்டம், பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

உயிரியல் வாத்தியார்:
எப்சிலான் எரிடானிக்கு வயது 100 கோடிகூட இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். என் கணக்கில் அங்கே பாசி வந்திருந்தாலே பெரிய விஷயம். டிரேக் பாவம், குழந்தையிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறார்.

மொட்டைமாடி:
சனிக்கிழமை போனோம். முதலில் மேகம், பத்து மணிக்கு மேல் கலைந்தது. பைனாகுலரில் எப்சிலான் எரிடானி கிடைத்த மாதிரிதான் தெரிகிறது, பக்கத்து விண்மீனாகவும் இருக்கலாம். வாத்தியார் சொன்னதையும் சொன்னேன். அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை, "அங்கிருந்து பார்த்தா நம்ம சூரியன் தெரியுமா?" என்றாள். இந்த முறை தெரியாது என்றே சொல்லிவிட்டேன். தெரியுமா?

சுழியம்:
தெரியும். வெறும் கண்ணுக்கே. நமக்குத் துருவ நட்சத்திரம் தெரிவதைவிடச் சற்று மங்கலாக, சர்ப்ப மண்டலத்தில்.